வாசலில் நிற்பவர்களுக்கும் ஒரு துண்டுக் காகிதம்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கும், பள்ளிக்கூடப் பெற்றோர் சபையினருக்கும்,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். அதிபர் அவர்களுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். நீங்கள் யாரையாவது தேடிப் பிடித்து, அவருக்கு வேலை ஓய்ந்த நேரம் பார்த்து, வாசித்துக் காட்டும்படி கேட்க வேண்டும். அவர் பாதியை விழுங்கி, மீதியைச் சுருக்கி, "பெரிதாக ஒன்றுமில்லை" என்று முடித்துவிடவும் கூடும். உங்கள் செய்திமடல் கிழமைதோறும் என்னிடம் வந்து சேர்வது இந்த வழியால்தான். பழிக்குப் பழி என்று எண்ண வேண்டாம். அந்த வழி எவ்வளவு மேடுபள்ளம் என்று நீங்களும் ஒருமுறை நடந்து பார்க்கட்டுமே என்று நினைத்தேன். பெற்றோர் சபையில் தமிழ்ப் பிள்ளைகளின் அம்மாக்கள் இருக்கிறீர்கள். வாசித்துச் சொல்லும் வேலையை உங்களிடம் விடுகிறேன். விழுங்காமல் சொல்லுங்கள்.

நான் யார் என்று அதிபருக்குப் பெயரால் தெரியாது, குடையால் தெரியும். பாலர் வகுப்பு வேலியின் மூன்றாவது கம்பத்துக்குப் பக்கத்தில், பச்சைக் குடையுடன் நிற்கும் கிழவி நான்தான். பேரன் நான்காம் வகுப்பு. பேத்தி பாலர் வகுப்பில் இரண்டாம் ஆண்டு. மகளுக்கு இரவு வேலை. மருமகன் பாரவண்டி ஓட்டுகிறார். சில கிழமைகளில் வின்னிபெக் வரைக்கும் போய்விடுவார். ஆகவே மாலை மூன்றே காலுக்கு மணி அடித்ததிலிருந்து இரவு படுக்கும்வரை பிள்ளைகள் என் பொறுப்பு. ஊரில், யாழ்ப்பாணத்து வடமராட்சியில், முப்பத்தொரு வருடம் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குச் செய்தி அனுப்புவதில் இருக்கும் தொல்லை எனக்குப் புதிதில்லை. பிள்ளையின் கையில் கொடுத்த துண்டு, மாங்காய் சுற்றிய காகிதமாகத் திரும்பி வந்த அனுபவமெல்லாம் எனக்கும் உண்டு.

மூன்று மணி பத்துக்கு அந்த வாசலை ஒருமுறை எட்டிப் பாருங்கள். நிற்பவர்களில் பாதிக்கு மேல் நரைத்த தலைகள். தமிழ் அம்மம்மாக்கள், அப்பப்பாக்கள், குஜராத்திப் பாட்டி ஒருவர், தலையில் கம்பளித் தொப்பியோடு ஒரு சீனத்துத் தாத்தா. அந்தத் தாத்தாவுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் மழை வருமென்றால் விரல்களை அசைத்துக் காட்டுவார். பனியென்றால் உள்ளங்கையை மெதுவாக இறக்குவார். இரண்டு வருடமாக அவர் சொன்ன வானிலை பிழைத்ததில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பல பள்ளிக்கூட வாசல்களின் கதை இதுதான் என்று பஸ்ஸில் சந்திக்கும் மற்ற அம்மம்மாக்கள் சொல்கிறார்கள். சப்பாத்து நாடாவைக் கட்டுவதும், சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவுவதும், இலைக் குவியலுக்குள் குதித்த பிள்ளையின் காலுறையிலிருந்து ஈரச் சருகைப் பிடுங்குவதும் நாங்கள். செய்தி போவதோ வேறு இடத்துக்கு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் உங்கள் மடல் மகளின் மின்னஞ்சலுக்கு வருகிறது. மகள் அப்போது வேலைக்குப் போகும் அவசரத்தில் இருப்பாள். சனிக்கிழமை தூக்கம், ஞாயிற்றுக்கிழமை சமையலும் துணி துவைத்தலும். திங்கட்கிழமை காலை, பிள்ளை சப்பாத்துப் போடும்போது, "ஐயோ, இன்றைக்கு ஏதோ இருந்ததே" என்பாள். அந்த 'ஏதோ' என்ன என்பதை மாலையில் பேத்தியின் முகத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்வேன்.

தமிழிலும் வாசிக்கலாமே, ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமே என்று நீங்கள் சொல்லக்கூடும். அழுத்திப் பார்த்தேன். மடலின் தலைப்பே 'வீழ்ச்சிச் செய்திகள்' என்று வந்தது. ஆங்கிலத்தில் இலையுதிர்காலத்துக்கும் விழுவதற்கும் ஒரே சொல் என்பது எனக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியவில்லை. பள்ளி நிறத்தில் உடுத்தி வந்து உற்சாகம் காட்டும் 'ஸ்பிரிட்' நாளுக்கு 'ஆவி நாள்' என்று போட்டிருந்தது. நானும் சீனத்துத் தாத்தாவும் ஒரே பாடசாலையில்தான் பிள்ளைகளை விடுகிறோமா என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாத ஒன்று ஒக்டோபரில் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் செப்டெம்பர். இந்தக் கனடா நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு உயிர் வரும் காலமே இதுதான். செப்டெம்பர் முதல் திங்கள் தொழிலாளர் நாள். அது கழிந்ததும் கதவு திறக்கிறது. நத்தார் வரைக்கும் ஒரு கிழமைகூடச் சும்மா போவதில்லை. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் டிசெம்பர் 31 ஆம் திகதிக்குள் நான்கு வயது நிறையும் பிள்ளை அந்த செப்டெம்பரிலேயே பாலர் வகுப்புக்கு வரலாம். என் பேத்தி நவம்பரில் பிறந்தவள். சென்ற வருடம் முதல் நாள் அவள் வாசலுக்குள் போனபோது வயது மூன்று. நான்கு நிறைய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. முதுகுப்பையைப் பின்னாலிருந்து பார்த்தால் பைக்குக் கால் முளைத்தது போல இருக்கும். அந்த வயதுப் பிள்ளை வீட்டுக்கு வந்து, "நாளைக்குச் செம்மஞ்சள் சட்டை" என்று செய்தி சொல்லும் என்று எதிர்பார்க்க முடியுமா?

சொல்லவில்லை. சென்ற வருடம் செப்டெம்பர் 30 அன்று அவளுக்கு நீலச் சட்டை போட்டு அனுப்பியிருந்தேன். மாலையில் கதவு திறந்து வெளியே வந்த பிள்ளைகள் எல்லோரும் செம்மஞ்சள். என் பேத்தியின் நெஞ்சில் மட்டும், சட்டை வடிவில் வெட்டிய ஒரு செம்மஞ்சள் காகிதம் ஊசியால் குத்தப்பட்டிருந்தது. அவளுடைய ஆசிரியை வெட்டிக் குத்தியது. வேலைக்கு நடுவில் அந்தப் பிள்ளையைக் கவனித்து, கத்திரிக்கோலை எடுத்த அந்தக் கைக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

அன்று இரவு பேரனிடம் கேட்டேன். பாதி ஆங்கிலம், பாதி தமிழ், கொஞ்சம் கைச்சாடை என்று கதையைச் சொல்லி முடித்தான். 1973 இல், பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுப் பூர்வகுடிப் பிள்ளை வில்லியம்ஸ் லேக் பகுதியில் இருந்த வதிவிடப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். போகுமுன் அவளுடைய பாட்டி ஒரு பளபளப்பான செம்மஞ்சள் சட்டை வாங்கிக் கொடுத்தார். முதல் நாளே அந்தச் சட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். திரும்பக் கொடுக்கவில்லை. 2013 இல் அவர் வெளியில் வந்து அதைச் சொன்ன பிறகுதான் இந்தச் செம்மஞ்சள் சட்டை நாள் தொடங்கியது. 2021 இல் அதே திகதி நாடு தழுவிய உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான நாளாயிற்று. அப்படிப்பட்ட பள்ளிக்கூடங்களுக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோகப்பட்டார்கள், தாய்மொழியில் பேசியதற்காக அடி வாங்கினார்கள் என்பதைப் பிறகு நானே தேடி அறிந்தேன்.

அந்தச் சட்டையை வாங்கியது ஒரு பாட்டி, அதிபர் அவர்களே. எங்களைப் போல ஒருத்தி. பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போய், இதுவா அதுவா என்று கேட்டு வாங்கிக் கொடுத்திருப்பாள். இந்த நாளைப் பற்றி முதலில் சொல்லியிருக்க வேண்டியது வாசலில் நிற்கும் எங்களுக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. இந்த வருடம் நான் மறக்கவில்லை. ஓகஸ்ட் கடைசியிலேயே சட்டை வாங்கி வைத்துவிட்டேன். என்னிடமும் ஒரு செம்மஞ்சள் சேலை இருந்தது. அதையே உடுத்தி, மேலே குளிரங்கியைத் திறந்தபடி விட்டு வந்து நின்றேன். குஜராத்திப் பாட்டி ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். சினிமாவில் கற்ற இந்தி. ஆனாலும் அவருடைய கண் கலங்கியது.

புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கும் டெரி ஃபொக்ஸ் ஓட்டத்துக்கும் ஏறக்குறைய இதே கதை. இரண்டு டொலர் நாணயம் ஒன்று கொண்டுவர வேண்டும் என்பது மட்டும், அதுவும் காலையில், வந்து சேர்ந்தது. எதற்கு என்று தெரியாமல் கொடுத்துவிட்டேன். புற்றுநோயால் வலது காலை இழந்த ஒரு இளைஞன், 1980 ஏப்ரல் 12 இல் சென்ட் ஜோன்ஸில் தொடங்கி, செயற்கைக் காலுடன் நாள்தோறும் ஏறக்குறைய ஒரு மரதன் தூரம் ஓடி, 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் கடந்து, தண்டர் பே அருகில் நோய் திரும்பி வந்து நின்றுபோனான் என்பதையும், மறுவருடம் இருபத்திரண்டு வயதில் இறந்துபோனான் என்பதையும் பேரனின் கொப்பியிலிருந்து அறிந்தேன். அந்தத் தண்டர் பே வழியாகத்தான் மருமகன் வின்னிபெக் போகிறார். அங்கே சிலை இருக்கிறது, பார்த்திருக்கிறேன் என்றார். இத்தனை வருடமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை! கதை தெரிந்திருந்தால் நாணயத்தை நான் பிள்ளையின் கையில் கொடுத்த விதமே வேறாக இருந்திருக்கும்.

இனி எள்ளுருண்டை. இதில் என் பிழையும் இருக்கிறது, மறைக்கவில்லை. சென்ற வருடம் பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் கிழமை, பிள்ளைக்குப் பெலன் வேண்டும் என்று எள்ளுருண்டை இரண்டு வைத்து அனுப்பினேன். மாலையில் அவை தனி உறையில், ஒரு ஆங்கிலக் குறிப்புடன் திரும்பி வந்தன. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் சாப்பாட்டை இவர்கள் அருவருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் பிடிவாதமாகக் கச்சான் உருண்டை, நிலக்கடலையில் செய்தது, வைத்தேன்! அதுவும் திரும்பி வந்தது. மகளுக்குத் தொலைபேசி அழைப்பும் போனது. மகள் வந்து எனக்கு விளக்கினாள். சப்ரினா ஷனன் என்ற பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை, 2003 இல், பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட உணவில் கலந்திருந்த ஒவ்வாப் பொருளால் உயிரிழந்தாள். அவள் பெயரால் 2005 இல் ஒன்ராறியோவில் சட்டமே வந்தது. கச்சான் மட்டுமில்லை, எள்ளும் கனடாவின் ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது.

நான் முப்பத்தொரு வருடம் பிள்ளைகளோடு இருந்தவள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு மூச்சு அடைக்கும் என்று தெரிந்தால் எள்ளை என் சமையலறைக்குள்ளேயே விட்டிருக்கமாட்டேன். அந்த இரண்டு நாட்களும் நான் இந்தப் பள்ளிக்கூடத்தின்மேல் கோபமாக இருந்தேன். வாசலில் ஒரு கச்சான் படமும் ஒரு எள்ளுப் படமும் வரைந்து, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தால் அந்தக் கோபமே வந்திராது. கோட்டுக்கு மொழி தேவையில்லை. சீனத்துத் தாத்தாவுக்கும் விளங்கியிருக்கும்.

ஒக்டோபரில் வந்ததைச் சொல்கிறேன் என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. பேத்தி இரவுச் சாப்பாட்டின்போது, "அம்மம்மா, இன்றைக்கு நாங்கள் எல்லோரும் எலி மாதிரி இருந்தோம்" என்றாள். எலி என்றால்? விளக்கை அணைத்தார்களாம். கதவைப் பூட்டினார்களாம். யன்னல் தெரியாத மூலையில் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்களாம். சத்தம் போடக்கூடாதாம். ஒரு பையனுக்குத் தும்மல் வந்தபோது ரீச்சர் அவன் முதுகைத் தடவினாராம். அவள் இதையெல்லாம் ஒரு விளையாட்டைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே உருளைக்கிழங்கை ஒதுக்கி வைத்தாள். நான் மகளின் பழைய கைத்தொலைபேசியை எடுத்து, மடலைத் திறந்து, தமிழ்ப் பொத்தானை அழுத்தினேன். 'இன்று எமது பாடசாலையில் ஊரடங்குப் பயிற்சி நடைபெற்றது' என்று இருந்தது.

ஊரடங்கு. இந்தச் சொல்லை ஒரு கனடியப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்து வாசிப்பேன் என்று நான் எண்ணியிருக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்புறம், வேலியோரம், ஒரு பதுங்குகுழி இருந்தது. பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டது. விமானச் சத்தம் கேட்டால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அதற்குள் இறக்குவது என் வேலை. இறக்குமுன் ஒரு தடியால் உள்ளே நாலு தட்டுத் தட்டுவேன், பாம்பு இருந்தால் போகட்டும் என்று. பிறகு தலைகளை எண்ணி இறக்குவேன்; எண்ணி ஏற்றுவேன். அந்தத் தடி எந்த மூலையில் சாத்தியிருக்கும் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியும். அன்றிரவு நான் தூங்கவில்லை. மகள் வேலை முடிந்து விடியற்காலையில் வந்து, "அம்மா, 'லொக்டவுன்' என்பதைத்தான் இயந்திரம் ஊரடங்கு ஆக்கியிருக்கிறது. ஆபத்தான ஆள் யாராவது வந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கப் பழகும் வெறும் பயிற்சி. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் வருடத்துக்கு இரண்டு முறையாவது செய்ய வேண்டும். தீ அணைப்புப் பயிற்சி மாதிரித்தான்" என்று சொன்ன பிறகுதான் தேத்தண்ணீர் தொண்டைக்குள் இறங்கியது.

பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளை ஓசையில்லாமல் உட்காரவைக்கப் பழக்குவது எவ்வளவு அவசியமாகக்கூடும் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. தும்மிய பையனின் முதுகைத் தடவினாராமே, அந்த ஆசிரியை. அவர் வேலையை நன்றாகச் செய்கிறார். ஆனால் அந்த வாசலில் நிற்கும் எங்களில் பலர் எங்கெங்கோ இருந்து எதை எதையோ கடந்து வந்தவர்கள். பிள்ளை வெளியே வருமுன், 'இன்று பயிற்சி நடந்தது, எல்லோரும் நலம், வீட்டில் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்' என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தால் போதும். இதை ஒரு இயந்திரத்திடம் விட்டுவிடாதீர்கள்.

குறை மட்டும் சொல்ல வந்தவள் என்று நினைத்துவிடக்கூடாது. இந்தப் பள்ளிக்கூடத்தின் இலையுதிர்காலம் எனக்குப் பிடிக்கும். சிவப்பு மேப்பிள் இலைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்து யன்னலில் தொங்கவிட்டிருந்தீர்கள். உள்ளே போக முடியாததால் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். நன்றியறிதல் நாளுக்கு முன் தகர உணவு சேர்க்கும் பெட்டி வைத்தீர்கள். அது பேரன் மூலம் ஒழுங்காகவே வந்து சேர்ந்தது. நாங்கள் நாலு தகரம் கொண்டைக்கடலை கொடுத்தோம். பண்ணைக்குப் போன நாள் பேத்தி ஒரு பூசணிக்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அதை வெட்டிக் கறிவைக்க நான் கத்தி எடுத்தபோது வீட்டில் நடந்த அழுகையை இங்கே விவரிக்கவில்லை. அதற்கு 'ராணி' என்று பெயர் வைத்திருந்தாளாம். ராணி இப்போது எங்கள் படிக்கட்டில் அழுகிக்கொண்டிருக்கிறது.

2024 இல் தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில், ஒக்டோபர் 31 இல், வந்தன. விடிய ஐந்து மணிக்கு எண்ணெய் வைத்து முழுகவார்த்து, புதுப் பட்டுப் பாவாடை சட்டை போட்டுப் பேத்தியை அனுப்பினோம். வேடம் கட்டி ஊர்வலம் வரும் நாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வௌவால், மூன்று சிலந்திமனிதர், ஒரு தீயணைப்பு வீரர் நடுவில் இவள் பட்டுப்பாவாடையோடு நடந்தாள். யாரோ ஒருவர், "அழகான இளவரசி வேடம்" என்று பாராட்டியிருக்கிறார். "இது வேடமில்லை, என்னுடைய சட்டை" என்று அவள் சொன்னாளாம். நான்குகூட நிறையாத பிள்ளை! வாசலில் இதைக் கேட்டுச் சிரித்தேன். வீட்டுக்குப் போய் இன்னொரு வடை கொடுத்தேன். 2025 இல் தீபாவளி ஒக்டோபர் 20 அன்று வந்து சிக்கலைத் தீர்த்துவிட்டது.

சென்ற நவம்பரில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளும் அந்தச் சடங்கில் நான் அகப்பட்டேன். நவம்பர் முதல் ஞாயிறு. கைத்தொலைபேசிகள் தாமாக மாறிக்கொள்ளும். என் சமையலறைச் சுவர் மணிக்கூடு மாறாது. மாற்றிவைக்கும் மருமகன் அந்தக் கிழமை வீதியில். திங்கட்கிழமை காலை மகள்தான் பிள்ளைகளை இறக்கிவிட்டாள். மாலையில் நான் சுவரைப் பார்த்துக் கிளம்பி, வாசலில் வந்து நின்றால் ஒருவரும் இல்லை. பிள்ளைகளை எங்கோ கொண்டுபோய்விட்டார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அரை மணி கழித்துப் பள்ளிக்கூடத்தின் துப்புரவுப் பணியாளர் என்னைக் கண்டு, தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, உள்ளேயிருந்து ஒரு பிள்ளைக் கதிரையைக் கொண்டுவந்து போட்டார். முழங்கால் காதைத் தொடும் உயரம். ஆனாலும் உட்கார்ந்தேன். இதற்கும் உங்கள் மடலில் ஒரு வரி இருந்ததாம்.

இனி, பேரனின் முன்னேற்ற அறிக்கை. நவம்பரில் வரும் இந்த முதல் அறிக்கையில் புள்ளி இல்லை, எழுத்துத் தரம் இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று கட்டங்கள்: சிரமத்துடன் முன்னேறுகிறார், நன்றாக முன்னேறுகிறார், மிக நன்றாக முன்னேறுகிறார். எங்கள் ஊரில் அறிக்கை வந்தால் முதல் கேள்வி, "எத்தனையாம் பிள்ளை?" என்பதுதான். நானே எத்தனையோ பிள்ளைகளை முப்பத்தைந்தாம் பிள்ளையாக்கி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது. உங்கள் முறை மேல்.

சென்ற வருடம் ஆசிரியரைச் சந்திக்கும் நாளில் மகளோடு நானும் போனேன். ஆசிரியை மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். நடுவில், "வீட்டில் இவனோடு யார் வாசிக்கிறார்கள்?" என்று கேட்டார். மகள் என்னைக் காட்டினாள். தமிழில்தான் வாசிக்கிறோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னோம். பொது நூலகத்தில் எடுத்த தமிழ்ப் புத்தகங்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக் கொப்பி. ஆசிரியை கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்து உட்கார்ந்தார். "மிக நல்லது, நிறுத்தாதீர்கள், வாசிப்பு எந்த மொழியில் வளர்ந்தாலும் அவனுக்கு உதவும்" என்றார். மகள் மொழிபெயர்த்தாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை நோக்கிக் கதிரையைத் திருப்பியது அதுதான் முதல் தடவை.

நான் கேட்பது இரண்டு.

பாலர் வகுப்பு வேலியில், மூன்றாவது கம்பத்துக்கு மேல், மழை படாத பிளாஸ்டிக் உறைக்குள் கிழமைக்கு ஒரு காகிதம். பெரிய எழுத்து. திகதி, என்ன உடுப்பது, என்ன கொண்டுவருவது, என்ன கொண்டுவரக்கூடாது. அவ்வளவுதான். அலுவலகத்துக்கு வெளியே அழகான அறிவிப்புப் பலகை இருக்கிறது என்று சொல்லாதீர்கள். கதவு பூட்டியிருக்கிறது, மணி அடித்துக் காரணம் சொல்லித்தான் உள்ளே வர வேண்டும். பலகையை வாசிக்க வந்தேன் என்று மணி அடிக்க எனக்குத் துணிவில்லை. தமிழ் எழுதுவது என் வேலை. வியாழக்கிழமை மாலை விடயத்தைத் தாருங்கள், வெள்ளி காலையில் தருகிறேன். முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதிய கை; கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் தெரியும். சீனத்துக்கும் குஜராத்திக்கும் அவரவர் வீட்டில் ஆள் இருக்கிறது, கேட்டுவிட்டேன். கேட்டது எப்படி என்று கேட்காதீர்கள், கைச்சாடைதான்.

காகிதத்தைக் குறைப்பது பள்ளிக்கூடத்தின் கொள்கை என்று சபையில் யாரோ சொன்னதாக மகள் சொன்னாள். கிழமைக்கு ஒரு தாள். பின்பக்கமும் பாவிக்கலாம்.

இரண்டாவது, சபையில் ஒரு இடம். 2000 ஆம் ஆண்டின் 612 ஆம் இலக்க ஒழுங்குவிதியை மருமகனின் கணினியில் இரண்டு மாலை இருந்து வாசித்தேன். விளங்காததை அகராதியில் பார்த்தேன். சபையில் பெற்றோர்தான் பெரும்பான்மையாக இருக்க வேண்டும், தலைவர் பெற்றோராக இருக்க வேண்டும், கல்வியாண்டின் முதல் முப்பது நாட்களுக்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. தேர்தல் முடிந்துவிட்டது, அம்மம்மா அங்கே பெற்றோர் இல்லை. அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அதே விதியில் சமூகப் பிரதிநிதி என்று ஒரு இடமும் இருக்கிறது. அவரைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, சபையின் மற்ற உறுப்பினர்கள் நியமிக்கலாம். எங்கள் சபையில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்று மகள் விசாரித்துச் சொன்னாள். அதில் வாசலில் நிற்பவர் ஒருவரை உட்காரவையுங்கள். நானாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கேட்டால் மறுக்கவும்மாட்டேன்.

சபைக் கூட்டம் எவரும் வந்து கேட்கக்கூடிய திறந்த கூட்டம் என்றும் விதியில் படித்தேன். இந்த மாதக் கூட்டத்துக்குப் பேரனை மொழிபெயர்ப்பாளனாகக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவன் வந்தால் கேக் இருக்குமா என்று கேட்கிறான். பிள்ளைக் கதிரை வேண்டாம். முதுகு சாய்க்கக்கூடிய ஒன்று இருந்தால் போதும்.

அதற்கு முன் ஒரு அவசர விடயம். செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை படமெடுக்கும் நாளாக இருந்ததாம். புதன்கிழமை என்றால் பேத்தியின் வகுப்பில் வர்ணம் தீட்டும் நாள் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. ஆகவே பழைய, கறைபிடித்த சட்டையைப் போட்டு, தலையில் நிறைய நல்லெண்ணெய் வைத்து, இழுத்து இரட்டைப் பின்னல் பின்னி அனுப்பினேன். படம் ஒக்டோபரில் வந்தது. நெற்றியில் எண்ணெய் மின்ன, சட்டையில் பச்சை வர்ணம் காய, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். நான் அதைச் சட்டகத்துக்குள் போட்டு வைத்துவிட்டேன். மகள்தான் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். விரும்பியவர்களுக்கு மறுபடி படமெடுக்கும் நாள் ஒன்று இந்த மாதம் இருக்கிறது என்று வாசலில் ஒரு அம்மா சொன்னார். திகதி அவருக்கும் நினைவில்லை.

அந்தத் திகதியை மட்டும், நாளைக்கே, மூன்றாவது கம்பத்தில் ஒட்டிவிடுங்கள்.

வணக்கத்துடன்,
பச்சைக் குடை அம்மம்மா